மூன்று தரம் சேர்ந்து சொல்லவும்

மருதனார்மடம்,
ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்த பிறகு.

அன்புள்ள மகள் அபிகாயிலுக்கு,

உன்னையும் மருமகனையும் மட்டக்களப்பு வெயிலிலிருந்தும் அந்த ஊர் நுளம்பிலிருந்தும் கர்த்தர் காத்துக்கொள்வாராக. இங்கே நானும் அம்மாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால், எனக்கு அம்மா, மற்றும்படி குறை சொல்ல ஒன்றுமில்லை. நீ அனுப்பிவிட்ட கஜுப் பருப்புப் பொதி வந்து சேர்ந்தது, பாதியை எறும்பு தின்றது, மீதியை அம்மா ஒளித்து வைத்திருக்கிறாள். போனில் கதைக்காமல் ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நீ யோசிப்பாய். போனில் சொன்னால் நீ இடையில் மறிப்பாய். கடிதத்தை யாரும் இடையில் மறிக்க முடியாது. இந்த வயதில் எனக்குக் கிடைத்திருக்கும் ஒரே வசதி அதுதான்.

இது ஒரு முறைப்பாடு என்றுதான் எழுதத் தொடங்குகிறேன், அப்படியே முடியுமா தெரியாது. நீ ஆங்கில ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவள். பிள்ளைகள் பிழை விட்டால் அதை எப்படித் திருத்துவது, எப்போது திருத்துவது, எப்போது வாயை மூடிக்கொண்டு இருப்பது என்றெல்லாம் வகுப்பு எடுக்கிறவள். எனக்கு அப்படி ஒருவரும் படிப்பித்ததில்லை. மிசன் பள்ளிக்கூடத்தில் எனக்குப் படிப்பித்தவர்கள் பிழை விட்டால் காதைத் திருகினார்கள், நான் காதை விட்டுவிட்டு மேசையைத் தட்டினேன், அதையே பெரிய முன்னேற்றம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சந்தைக்குப் பின்னால் இருக்கும் என் தகரக் கொட்டிலையும் அதில் பிள்ளைகள் வரிசையாக இருந்து படிக்கும் மர வாங்குகளையும் நீ பிறந்த நாளிலிருந்து பார்த்தவள். ஒருவர் பிழையாக ஒரு வசனம் சொன்னால் நான் கோடு போடும் அடிமட்டத்தால் மேசையில் ஒரு தட்டுத் தட்டுவேன், சரியான வசனத்தைச் சொல்லுவேன், முழு வகுப்பும் அதை மூன்று தரம் சேர்ந்து சொல்லவேண்டும், பிழை விட்டவரும் கூடச் சொல்லவேண்டும். ஒரு பக்கம் சந்தை, மற்றப் பக்கம் ஆஞ்சநேயர் கோயில் ஒலிபெருக்கி, ஆகவே மெல்லமாகச் சொன்னால் பக்கத்து வாங்குக்கே கேட்காது, தொண்டையைத் திறந்துதான் சொல்லவேண்டும். இப்படிச் சொல்லியே எத்தனையோ பிள்ளைகள் கனடாவுக்கும் லண்டனுக்கும் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே போய் என்ன கதைத்தார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.

சுபாஜினியை உனக்கு ஞாபகம் இருக்கும். உயிர்த்த ஞாயிறு விடுமுறைக்கு நீ வந்து என் வகுப்பில் கடைசி வாங்கில் இருந்தபோது உனக்குப் பக்கத்தில் இருந்தவள். புத்தூரில் வெங்காயம் செய்கிற பஞ்சலிங்கத்தின் மகள். அவளை மணந்த கஜீபனும் என் மாணவன்தான், அதே வாங்குகளில் இருந்து படித்து லண்டனுக்குப் போனவன். எங்களுடைய ஆட்களுக்கு அந்த நாட்டில் எந்த ஊரும் லண்டன்தானே. அங்கே ஒரு சாமான் களஞ்சியத்தில் வேலை. லீவில் வந்து, தாலி கட்டி, ஒரு மாதம் இருந்துவிட்டுத் திரும்பிப் போனான். மனைவியைக் கூப்பிடுவதென்றால் அவள் ஆங்கிலம் கதைத்துக் காட்டும் சோதனையில் சித்தியடைய வேண்டும். கஜீபனின் தாய் பராசக்தி மருமகளைக் கூட்டிக்கொண்டு வந்து, "சேர், அவன் படிச்ச இடத்திலேயே இவளும் படிக்கட்டும். பிழை விட்டால் விடாதேங்கோ" என்று சொல்லி என்னிடம் ஒப்படைத்தாள். நான் விடவில்லை.

அவள் கொழும்புக்குப் போய்ச் சோதனை எழுதினாள், எழுதினாள் என்ன, கதைத்தாள், தவறிப்போனாள். ஏன் தவறினாள் என்று கேட்டபோதுதான் எனக்கு முதலில் கோபம் வந்தது. சோதிக்கிற பெண் நல்ல சாந்தமானவளாம், குடும்பத்தைப் பற்றிச் சொல்லச் சொன்னாளாம். சுபாஜினி ஒரு வசனம் சொல்லிவிட்டு நிறுத்தினாளாம். மேசை தட்டப்படுமா இல்லையா என்று அந்தப் பெண்ணின் கையைப் பார்த்துக்கொண்டு இருந்தாளாம். அவள் "சொல்லுங்கள்" என்று தலையாட்ட, இவள் இன்னொரு வசனம் சொல்லி மறுபடியும் கையைப் பார்த்தாளாம். இப்படியே நேரம் முடிந்துவிட்டது. சொன்ன வசனம் ஒன்றிலும் பிழை இல்லை, ஆனால் சொன்னதே ஏழோ எட்டோ.

இதைக் கேட்டுத்தான் நீ உயிர்த்த ஞாயிறுக்கு வந்தபோது என் வகுப்பைப் பார்க்கவேண்டும் என்று அடம்பிடித்தாய். பார்த்தாய். வீட்டுக்கு வந்து, அம்மா கொழுக்கட்டை அவிக்கிற நேரம் பார்த்து, குசினிக்குள் வைத்துச் சொன்னாய்.

"அப்பா, அந்தப் பிள்ளைக்கு இங்கிலிஸ் தெரியும். உங்கடை அடிமட்டத்துக்குப் பயந்துதான் வாயை மூடிக்கொண்டு இருக்குது."

"பயமில்லாமல் படிச்சால் பிழையோடைதான் போவினம்" என்றேன்.

"பிழையோடை போனாலும் போய்ச் சேருவினம் தானே, அப்பா."

அம்மா பானையைத் திறந்து பார்ப்பதுபோல் குனிந்து சிரித்தாள். எனக்கு அது மறக்கவில்லை.

நீ சொன்ன முறைகளை நான் திங்கள் முதல் வெள்ளி வரை ஒரு கிழமை செய்து பார்த்தேன் என்பதை உன் மேலதிகாரிகளுக்கு எழுதி அனுப்பலாம். ஒரு முறை: பிள்ளை பிழையாகச் சொன்னால் மேசையைத் தட்டாதே, அவள் சொன்னதைச் சரியாக மெல்லத் திருப்பிச் சொல், அவளே பிடித்துக்கொள்வாள். நல்லது. பொன்னம்பலத்தாரை உனக்குத் தெரியாது, கனடாவில் இருக்கிற பேத்தியோடு கதைப்பதற்காகப் படிக்க வருகிற பெரியவர், இளைப்பாறிய தபாற்காரர். அவர் பிழையாகச் சொல்ல, நான் சரியாக மெல்லத் திருப்பிச் சொல்ல, அவர் "ஓம் சேர், அதுதான்" என்று தலையாட்டிவிட்டு அடுத்த பிழைக்குப் போவார். நான் அவரோடு ஒத்துப்போகிறேன் என்று அவர் விளங்கிக்கொண்டார். வெள்ளிக்கிழமை ஒரு சீப்புக் கதலி வாழைப்பழத்தோடு வந்தார். "சேர், இந்தக் கிழமை முழுக்க என்னிலை ஒரு பிழையும் பிடிக்கேல்லை. எனக்கு இங்கிலிஸ் முடிஞ்சுது போல கிடக்கு. உங்களுக்கு நன்றி" என்று கையைப் பிடித்தார், போய்விட்டார், அதற்குப் பிறகு வரவில்லை. பேத்தியின் நிலையை நினைத்து நான் ஜெபம் செய்கிறேன்.

இன்னொரு முறை: ஆசிரியர் திருத்தாமல் பிள்ளைகளை ஒருவரை ஒருவர் திருத்த விடவேண்டும், அதில் வெட்கம் குறையும் என்றாய். உதயகலா என்று ஒரு கெட்டிக்காரப் பெட்டை, அவளையும் சீவரத்தினத்தின் மகனையும் ஒரு வாங்கில் இருத்தினேன். அந்த இரண்டு வீட்டுக்கும் இடையில் கலியாணப் பேச்சு நடக்கிறது, சாதகக் குறிப்பும் பொருந்திவிட்டது என்பது ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியாது. அவன் ஒரு வசனம் சொல்லுவான், அவள் திருத்துவாள். இன்னொன்று சொல்லுவான், திருத்துவாள். பெடியன் வியர்த்துப்போனான். அன்று பின்னேரமே அவனுடைய தாய் என் வாசல் படலையைப் பிடித்துக்கொண்டு நின்று, "கலியாணத்துக்கு முதலே என்ரை பிள்ளையைத் திருத்துற பெட்டை எங்களுக்கு வேண்டாம்" என்று சத்தம் போட்டாள். உதயகலாவின் தகப்பன் சைக்கிளில் வந்து, இதெல்லாம் உங்களுடைய புதுப் படிப்பால் வந்தது என்றார். ஒரு குடும்பம் தொடங்க முன்னரே நான் பிரித்துவிட்டேனாம். அம்மா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தாள், அவர் குடிக்கவில்லை.

ஆனால் ஒன்றை மறைத்தால் நான் கிருபைரட்ணம் இல்லை. அந்தக் கிழமையில் சுபாஜினி வாய் திறந்தாள். கட்டாக்காலி மாடு ஒன்று தகப்பனின் வெங்காயத் தோட்டத்துக்குள் புகுந்ததையும், தகப்பன் அதைத் துரத்தப் போய்க் கிணற்றுத் துலாவில் தலையை இடித்துக்கொண்டதையும், மாடு ஆறுதலாக வெங்காயத் தாளைத் தின்றுகொண்டு அவரையே பார்த்ததையும் எழுந்து நின்று ஆங்கிலத்தில் சொன்னாள். நிறுத்தவேயில்லை. பிழை பிழையாகச் சொன்னாள், ஒரு வசனம் கூட நேராக நிற்கவில்லை, வகுப்பு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது, எனக்கும் சிரிப்பு வந்தது. நான் கையிரண்டையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு இருந்தேன். அன்றைக்கு அவளைச் சோதித்திருந்தால் சித்தியடைந்திருப்பாள். அதை நான் கண்ணால் கண்டேன். கண்டும், பொன்னம்பலத்தாரையும் படலையில் நின்ற அந்தத் தாயையும் யோசித்து, திங்கட்கிழமை வகுப்புத் தொடங்கும்போது "இனிப் பழைய முறைதான்" என்று அறிவித்தேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். ஒரு கிழமை வாய் திறந்து கத்தாமல் இருந்ததில் அவர்களுக்குத் தொண்டை தினவெடுத்திருந்தது.

இனிச் சொல்லப்போவதை நான் யாருக்கும் சொன்னதில்லை. எல்லோருக்கும் தெரியும் என்பதால்தான் சொல்லவில்லை. அதே திங்கட்கிழமை, பின்னேரம் நாலு மணி வகுப்பு. சுபாஜினியின் போன் அடித்தது. வகுப்புக்குள் போன் கூடாது என்பது சட்டம், அவளுக்கு மட்டும் கஜீபனின் வேலை இடைவேளை நேரத்துக்காக விட்டிருந்தேன். திரையில் இலக்கம் காட்டவில்லை. காதில் வைத்தாள், முகம் வெளிறிப்போனது. என்னைப் பார்த்து, "ஆசுப்பத்திரியாம் சேர்… லண்டனிலை இருந்து… அவருக்கு ஏதோ" என்று மட்டும் சொன்னாள். வகுப்பு அடங்கிப்போனது. கோயில் ஒலிபெருக்கி கூட அந்த நேரம் நின்றிருந்தது. அவள் எழுந்து நின்று, போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மறுபக்கத்தில் கதைத்த நேர்சிடம் ஆங்கிலத்தில் தன் புருசன் எப்படி இருக்கிறார் என்று கேட்டாள். சொற்கள் இடம் மாறி வந்தன. "மை ஹஸ்பண்ட் ஹவ்?" என்றாள்.

அபி, என் கை என்னைக் கேட்கவில்லை. மேசையில் தட்டு விழுந்த சத்தத்தை நானும் மற்றவர்களைப்போலத்தான் கேட்டேன். என் வாய் சரியான வசனத்தைச் சொன்னது. வகுப்பு முழுவதும், ஒரு கிழமைப் பசியோடு, தகரம் அதிர, "ஹவ் இஸ் மை ஹஸ்பண்ட்?" என்றது. இரண்டாம் தரமும் சொன்னது. மூன்றாம் தரமும் சொன்னது. அதைவிடக் கொடுமை, சுபாஜினியும் சொன்னாள். புருசன் படுத்திருக்கிற இடத்திலிருந்து வந்த போனைக் காதில் வைத்தபடியே, பழக்கதோசத்தில், கண்ணால் நீர் வழிய, வகுப்போடு சேர்ந்து மூன்று தரமும் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு "ஹலோ" என்றாள். அங்கே யாரும் இல்லை.

திருப்பி எடுக்க இலக்கம் இல்லை. கஜீபனின் போனுக்கு எடுத்தோம், அடித்துக்கொண்டே இருந்தது. அவனோடு ஒரே அறையில் இருக்கிற வின்சன்ற் என்கிற பெடியனுக்கு எடுத்தோம், அவன் வேலையில் நின்றான், எடுக்கவில்லை. ஒரு பிள்ளையும் வீட்டுக்குப் போகவில்லை. உதயகலா அவளின் தலையைத் தன் தோளில் சாய்த்து வைத்திருந்தாள். நான் கதிரையில் இருந்துகொண்டு, இப்போது அடித்தால் வாய்க்குள் கைலேஞ்சியை அடைத்துக்கொள்வது என்று அதைச் சுருட்டிப் பிடித்திருந்தேன். அடிக்கவில்லை. பொழுதுபட, வின்சன்ற் எடுத்தான். சுபாஜினி போனைச் சத்தமாகப் போட்டாள், எல்லோருக்கும் கேட்டது.

"ஏணியிலை இருந்து விழுந்திட்டான் தங்கச்சி. தலையிலை அடி. ஒப்பரேசன் தியேட்டருக்குக் கொண்டுபோக முன்னம் நினைவாய்த்தான் இருந்தவனாம். மனுசியோடை கதைக்கவேணும் எண்டு கேட்டவனாம், அதுதான் நேர்ஸ் எடுத்தவா. அங்காலை ஒரே சத்தமாய்க் கிடந்ததாம். பிறகு எடுப்பம் எண்டு வைச்சிட்டா." மூக்கை உறிஞ்சினான். "பிறகு அவனுக்கு நினைவு வரேல்லை."

புதன்கிழமை காலமை கஜீபன் செத்துப்போனான். உடம்பை ஊருக்குக் கொண்டுவந்து சேர்க்க ஒரு மாதம் சென்றது, அங்கே அவர்களுக்கு எதற்கும் விசாரணை, எதற்கும் ஒப்பம். அந்த மாதம் முழுக்க நான் வீட்டுக்குள் இருந்தேன். செத்தவீட்டுக்குப் போகாமல் விட்டுவிடலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். "போகாமல் விட்டால் அதையும் ஒரு ஆள் பிழை எண்டு சொல்லும், வாருங்கோ" என்று என் சட்டைக்குப் பொத்தான் பூட்டிவிட்டாள்.

புத்தூருக்கு, சுபாஜினியின் வீட்டுக்குப் போனோம். படலைக்குப் பக்கத்து மதிலில் என் வகுப்புப் பிள்ளைகள் கண்ணீர் அஞ்சலி அடித்து ஒட்டியிருந்தார்கள், பாதி தமிழ், பாதி ஆங்கிலம். ஆங்கிலப் பாதியில் நான் நின்றுவிட்டேன். அபி, அதில் ஒரு வரியாவது நேராக இல்லை. என் கை சட்டைப் பைக்குப் போனது, பேனாவைத் தேடி. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். "உங்களை விட்டால் பிரேதத்தையும் எழுப்பித் திருத்துவியள்" என்று காதுக்குள் சொன்னாள், என் கையை விடாமல் அப்படியே இழுத்துக்கொண்டு உள்ளே போனாள். பெட்டிக்குள் அவன் நல்ல வடிவாகக் கிடந்தான், அந்த நாட்டில் செய்கிற மாதிரி முகத்துக்கு ஏதோ பூசியிருந்தார்கள்.

பராசக்தி என்னைக் கண்டதும் அழுகையை நிறுத்தினாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் சத்தம் போடுவாள், மண்ணை அள்ளி வீசுவாள் என்று நான் ஆயத்தமாகத்தான் போனேன். அவள் மெல்லமாகச் சொன்னாள்.

"சேர், என்ரை பிள்ளைக்கும் நீங்கள் தான் படிப்பிச்சது. மருமேளுக்கும் நீங்கள் தான் படிப்பிச்சது. அவை ரெண்டு பேரும் கதைக்கிற நேரம் மட்டும் நீங்கள் கொஞ்சம் பேசாமல் இருந்திருக்கலாம்."

அம்மா என்னை ஒரு கதிரையில் இருத்தினாள். சுபாஜினி பெட்டியின் தலைமாட்டில் இருந்தாள். என்னோடு கோபப்படவில்லை, அழவும் இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்திருந்த சொந்தக்காரர் ஒவ்வொருவரையும் பிடித்து ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தாள். "அவர் கடைசியாய் என்ன சொன்னவர்? என்னைக் கேட்டவரோ? ஏதும் சொல்லிவிட்டவரோ?" அவர்களில் ஒருவரும் அந்த ஆசுப்பத்திரிக்குப் போனவர்கள் இல்லை. ஆளுக்கு ஒரு ஆறுதல் சொன்னார்கள். அவள் தலையாட்டிவிட்டு அடுத்தவரிடம் அதையே கேட்டாள். உன்னைத்தான் கேட்டான், உன்னோடு கதைக்கத்தான் எடுத்தான், எடுத்த நேரம் நான் மேசையைத் தட்டினேன் என்று எழுந்து நின்று சொல்லலாம் போல எனக்கு இருந்தது. அதை அவளுக்குச் சொல்லத் தேவையில்லை. அவள் அந்த இடத்தில் நின்றவள்.

ஆகவே என் முடிவை உனக்கு அறியத்தருகிறேன். கொட்டிலுக்குப் பூட்டுப் போட்டுவிட்டேன். வாங்குகளைத் திருச்சபை மண்டபத்துக்குக் கொடுத்துவிட்டேன், நாளைக்கு வந்து ஏற்றுவார்கள். அடிமட்டத்தை அம்மா குசினி ஜன்னலுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறாள், நல்ல பொருத்தம். இனி யாருடைய பிழையையும் நான் திருத்தப் போவதில்லை. இன்று ஆராதனையில் கொடுத்த ஆங்கில நிகழ்ச்சி நிரலில் கர்த்தரின் பெயருக்கு முன்னாலேயே ஒரு பிழை, நான் பேசாமல் மடித்துப் பைக்குள் வைத்தேன். போதகர் ஆராதனை முடிந்ததும் நேரே என்னிடம் வந்து, "அண்ணை, உடம்புக்கு ஏதும் ஏலாதோ?" என்று கேட்டார். நீ குசினிக்குள் வைத்துச் சொன்னது சரி. பிள்ளைகளைக் கதைக்க விடவேண்டும், முடிக்க விடவேண்டும், விளங்கினால் அதுவே காணும். மேசையைத் தட்டித் தட்டி நான் திருத்தியது ஒன்றுமில்லை, ஒரு பெண் தன் புருசனோடு கதைக்க இருந்த கடைசிப் பேச்சைத்தான் வாரிக்கொண்டு போனேன். இதை எழுத எனக்கு நோகிறது. நீ இதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு உன் பயிற்சிக் கூடத்தில் மாட்டாமல் இருந்தால் புண்ணியமாய்ப் போகும்.

மருமகனுக்கு என் அன்பைச் சொல்லு, அவருடைய தமிழில் எனக்கு இனி ஒரு குறையும் இல்லை என்றும் சொல்லு. உன் வீட்டில் பேச்சுச் சத்தம் ஒரு நாளும் ஓயாமல் இருக்கட்டும், உன் வாயையும் உன்னிடம் படிக்கிறவர்களின் வாயையும் கர்த்தர் திறந்தபடியே வைத்திருக்கட்டும் என்று அம்மாவும் நானும் வேண்டிக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
உன் அப்பா,
கிருபைரட்ணம்,
இளைப்பாறிய ஆங்கில ஆசிரியர், இப்போது முழுமையாக இளைப்பாறியவர்.

பி.கு: இந்தக் கடிதத்தை உறையிலிட்டு ஒட்டிவிட்டேன். திங்கட்கிழமை காலை தபாலில் போட வெளிக்கிட்டபோது படலையில் சுபாஜினி நின்றாள். திரும்பி வந்து உறையைக் கிழித்து இதை எழுதுகிறேன்.

அவளை உள்ளே கூப்பிட்டு இருத்தினோம். அவள் அந்த ஆசுப்பத்திரிக்குப் போன் எடுத்தாளாம். வின்சன்றிடம் இலக்கம் வாங்கி, வீட்டில் ஒருவரும் இல்லாத நேரம் பார்த்து, தனியே எடுத்தாளாம்.

"எல்லாம் பிழை பிழையாய்த்தான் கதைச்சன் சேர். ரெண்டு மூண்டு இடத்துக்கு மாத்தி மாத்தி விட்டவை. கடைசியிலை அண்டைக்கு எடுத்த அதே நேர்ஸ் வந்தவா. அவவுக்கு எல்லாம் விளங்கினது."

"என்ன கேட்டனி?" என்றேன்.

"அவர் கடைசியாய் என்ன சொன்னவர் எண்டு கேட்டன்."

அந்த நேர்ஸ் முதலில் சொல்லத் தயங்கினாளாம். பிறகு சொன்னாளாம். போனை அவள் சத்தமாகப் போட்டுக் கஜீபனின் காதடியில்தான் பிடித்திருந்தாளாம், அவனுக்குக் கையைத் தூக்க ஏலாதபடியால். எங்களுடைய சத்தம் வந்ததும் அவள் பயந்து போனை எடுக்கப் பார்க்க, அவன் எடுக்கவேண்டாம் என்று கண்ணைக் காட்டினானாம். பிறகு அவனும் சொன்னானாம். ஆங்கிலத்தில், வகுப்போடு சேர்ந்து, "ஹவ் இஸ் மை ஹஸ்பண்ட்?" என்று, மூன்று தரம். சொல்லிவிட்டுச் சிரித்தானாம். ஒரு ஆண்பிள்ளை தன் புருசன் எப்படி இருக்கிறார் என்று கேட்கிறானே, தலையில் பட்ட அடியில் புத்தி தடுமாறிவிட்டது என்று வைத்தியர்கள் நினைத்து, போனை நிறுத்தச் சொல்லி, உடனே தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போனார்களாம். அவன் ஏன் அப்படிச் சொன்னான் என்று உனக்குத் தெரியுமா என்று அந்த நேர்ஸ் சுபாஜினியிடம் கேட்டாளாம். தெரியும் என்று இவள் சொன்னாளாம்.

அம்மா எழுந்து குசினிக்குள் போய்விட்டாள். என் வாய் கேட்டது:

"பிழையில்லாமல் சொன்னவனோ?"

அதைக் கேட்டதும் சுபாஜினி சிரித்தாள், அபி. அவன் செத்து அந்த வீட்டில் விளக்கு வைத்த நாளிலிருந்து அழாத பிள்ளை, சிரித்துச் சிரித்து அப்படியே அழத் தொடங்கினாள். "ஓம் சேர், சரியாய்த்தான் சொன்னவராம்" என்றாள். வகுப்பு எப்போது தொடங்கும் என்றும் கேட்டாள். சோதனை இனி உனக்கு எதற்குப் பிள்ளை என்றேன். சோதனைக்கு இல்லை, அந்த நேர்சோடு இன்னும் கனக்கக் கதைக்கவேண்டும், அவர் படுத்திருந்த இடம் எப்படி, யன்னல் இருந்ததோ, குளிர்ந்ததோ என்றெல்லாம் கேட்கவேண்டும், பிழை விட்டால் விடாதேங்கோ என்றாள். திருச்சபைக்காரர் வாங்குகளை ஏற்ற வந்தார்கள், திருப்பி அனுப்பிவிட்டேன். ஆகவே மேலே நான் எழுதிய முடிவுகளை எல்லாம் நீ எப்படி எடுத்துக்கொள்வதென்று எனக்குத் தெரியாது.

போகும்போது படலையில் நின்று ஒன்று கேட்டாள்.

"சேர், அத்தினை பேர் கத்தேக்கை, அதுக்குள்ளை என்ரை குரலும் அவருக்குத் தனியக் கேட்டிருக்குமோ?"

அவ்வளவு பெரிய சத்தத்தில், கடல் கடந்து போன ஒரு போனில், ஒரு குரல் பிரிந்து கேட்டிருக்குமா என்று எனக்குத் தெரியாது. ஓம் பிள்ளை, கேட்டிருக்கும் என்று சொன்னேன். அதை மட்டும் நீ திருத்தாதே.